வீட்டுப் பட்டியல் எழுதியவரின் ஒலிநாடா

போன மாதம் தர்ஷினி என்று ஒரு பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். நான் பதினாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற சுவடிக்கூடத்தில் இப்போது அவள் வேலை செய்கிறாள். அங்கே கிடந்த பழைய ஒலிநாடாக்களை எல்லாம் கணினிக்கு மாற்றுகிறார்களாம். குரலைக் கேட்டுத் தானாகவே எழுதித் தருகிற மென்பொருளும் வந்துவிட்டதாம்.

"அங்கிள், ஒரு டவுட். ஆர்தர் கிப் எண்டவற்றை ரேப்பில மெஷின் 'வோஸ் ரோல்ட்' எண்டு தருது. நீங்கள் ரைப் பண்ணின பேப்பரில 'வோஸன்ற் ரோல்ட்' எண்டு கிடக்கு. இற்ஸ் தி ஒப்பசிற், அங்கிள். நான் எதைப் போடுறது?"

"பேப்பரில இருக்கிறதைப் போடுங்கோ பிள்ளை."

"ஷுவரா? நானும் கேட்டுப் பாத்தனான். எனக்கும் மெஷின் சொல்லுறது மாதிரித்தான் கேக்குது."

"உங்களுக்கு அப்பிடிக் கேட்டது பிழையில்லை. ஆனா பேப்பரில இருக்கிறதுதான் சரி. ஏனெண்டு எழுதி அனுப்புறன்."

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அது ஒரு பக்கத்தில் முடிகிற விஷயமில்லை என்று. ஆர்தர் கிப்பைப் பற்றிச் சொல்வதற்கு முதல் மிஸ் டூலனைப் பற்றிச் சொல்லவேண்டும். மிஸ் டூலனைச் சொல்ல, நான் எப்படி அவரிடம் போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

என் பெயர் ஹனீபா. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவன். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பத்தொன்பது வருடம் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும்தான் என் வேலை. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் துவக்கோடு வந்த தமிழ் இயக்கத்தார் எங்கள் முஸ்லிம் ஆட்கள் எல்லாரையும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். போனோம். புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் ஒன்றரை வருடம் இருந்தோம். பிறகு என் மனைவி சுலைஹாவின் காக்கா, அவளுடைய மூத்த அண்ணன், எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தார். ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராம் தட்டில் குடியேறினோம். மோர்னிங்சைட் பக்கம் ஒரு பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கிற வேலை கிடைத்தது. ஒருநாள் சமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில், ஒலிநாடாக்களைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டெழுதத் தெரிந்தவர் தேவை என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது. வேலை, நகரத்தின் நடுவில் இருந்த ஒரு கல்லூரியில். அயர்லாந்திலிருந்து கனடாவுக்கு வந்தவர்களின் வாய்மொழி நினைவுகளை அங்கே சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேர்முகத்துக்குப் போனபோது, அந்தச் சேகரிப்பை நடத்திய மிஸ் டூலன் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. ஐம்பது வயதை நெருங்கிய, நெட்டையான மனுஷி. நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தார். காதுக்குப் போடும் ஹெட்போனைத் தந்து, காலுக்குக் கீழே ஒரு பெடலை வைத்தார். மிதித்தால் நாடா ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிக்காலால் அழுத்தினால் பின்னுக்குப் போகும். மூன்று நிமிடம் ஒரு கிழவர் பேசினார். வாய்க்குள் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. ஓரிடம் எனக்குப் பிடிபடவேயில்லை. ஆறு தரம் கேட்டேன். கடைசியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் 'விளங்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர் தாளைப் பார்த்தார். "உங்களுக்கு முன்னால் நாலு பேர் வந்தார்கள். இந்த இடத்தில் நாலு பேரும் நாலு சொல் போட்டார்கள். நாலும் பிழை. திங்கட்கிழமை வரமுடியுமா?" என்று கேட்டார்.

இது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு.

வேலை பழக ஆறு மாதம் எடுத்தது. அதை விபரிக்கத் தேவையில்லை. ஆனால் மிஸ் டூலனின் முறைகளைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அப்படி ஒரு முறையை நான் கச்சேரியிலும் கண்டதில்லை. ஒவ்வொரு நாடாவையும் மூன்று தரம் கேட்கவேண்டும். முதல் தரம் எழுதுவதற்கு. இரண்டாம் தரம் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பதற்கு. மூன்றாம் தரம் வேறொருவருடைய காது கேட்கவேண்டும். பேசியவரின் இலக்கணத்தைத் திருத்தக்கூடாது. வட அயர்லாந்தில் ஒரு நகரத்துக்கு இரண்டு பெயர் உண்டு. ஒரு பகுதியார் ஒரு பெயரும் மற்றப் பகுதியார் மற்றப் பெயரும் சொல்வார்கள். பேசியவர் எதைச் சொன்னாரோ அதையே போடவேண்டும், எங்கள் வசதிக்கு ஒன்றாக்கக்கூடாது. ஒரு சொல்லில் சந்தேகம் இருந்தால் அதைச் சதுர அடைப்புக்குள் போடவேண்டும். எல்லாம் முடிந்தபின் பேசியவருக்கே ஒரு பிரதி போகும். அவர் வாசித்துக் கையெழுத்து வைத்தால்தான் வெளியே எடுக்கலாம். விரும்பினால் தான் சாகும்வரை பூட்டி வை என்றும் சொல்லலாம்.

நான் பிழை விட்டால் "பிழை" என்று சொல்லமாட்டார். "இன்னொரு தரம் கேட்போமா?" என்பார். அவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். நான் வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போகத் தயங்கிக்கொண்டு நின்றதை எப்படியோ கவனித்துவிட்டார். அடுத்த கிழமை வாராந்தக் கூட்டம் வெள்ளியிலிருந்து வியாழனுக்கு மாறியிருந்தது. காரணம் ஒருவருக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அயர்லாந்தின் சரித்திரத்தை நான் புத்தகத்தில் படித்தவனல்ல. காதால் படித்தவன். அதனால் அது எனக்கு வரிசையாக வரவில்லை. ஒரு கிழவி தன் பாட்டனின் குடும்பம் உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில் கப்பலேறி வந்ததைச் சொல்வார். இதே ரொறன்ரோவில் ஏரிக்கரையில் காய்ச்சல்காரருக்கென்று போட்ட கொட்டகைகளில் பாதிப்பேர் செத்ததைச் சொல்வார். அடுத்த நாடாவில் ஒருவர், தன் தகப்பன் அரை ஏக்கர் நிலத்துக்காகச் சகோதரனோடு முப்பது வருடம் பேசாமலிருந்த கதையைச் சொல்வார். நிலக்காரன் எப்போதும் எழுப்பிவிடலாம் என்று தலைமுறை தலைமுறையாகப் பயந்த சனம், சுதந்திரம் வந்ததும் எல்லாருக்கும் சொந்த வீடு வேண்டுமென்று அடம்பிடித்தது ஏனென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தெற்கில் இரண்டு பெரிய கட்சிகள். கொள்கையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. உள்நாட்டுச் சண்டையில் பாட்டன் எந்தப் பக்கம் நின்றானோ அந்தக் கட்சிக்குப் பேரனும் வோட்டுப் போடுகிறான். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தேவாலயத்தின் கையிலேயே இருந்ததால் விவாகரத்துச் சட்டம் தொண்ணூற்றைந்தில்தான், அதுவும் மயிரிழையில், சர்வசன வாக்கெடுப்பில் தப்பிப் பிழைத்தது.

மிஸ் டூலன் இந்த நாடாக்களை வைத்து அயர்லாந்தின் இன்றைய அரசியலையும் சட்டங்களையும் மாணவருக்குப் படிப்பித்தார். வகுப்பில் ஒரு சட்டத்தைக் கரும்பலகையில் எழுதுவார். பிறகு ஒரு குரலைப் போட்டுக் காட்டுவார். அதன்பின் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இந்தச் சட்டம் யாருடைய பயத்திலிருந்து வந்தது?" ஒலிப்பெட்டியை இயக்குவதற்காக நானும் பின்னால் இருப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்டபிறகு அவர் பேசாமல் நிற்பார். யாராவது பதில் சொல்லும்வரை நிற்பார். எவ்வளவு நேரமானாலும் சரி. எத்தனையோ பெரிய ஆட்கள் பேசக் கேட்டிருக்கிறேன், அவரைப் போல வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்த ஒருவரைக் கண்டதில்லை.

தொண்ணூற்றெட்டில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையிலான சமாதானப் பேச்சுவார்த்தை ஒரு முடிவுக்கு வருகிற மாதிரித் தெரிந்தது. அந்த மே மாதம் ஒரு சிறப்பு வகுப்பு நடத்த மிஸ் டூலன் ஆயத்தம் செய்தார். அதற்காகத்தான் பெப்ரவரியில் ஆர்தர் கிப்பைப் பேட்டி எடுத்தார்.

கிப் எழுபது வயதுக்காரர். வட அயர்லாந்துப் புரட்டஸ்தாந்தர். ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடச் சபையின் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் தன்னுடைய ஊரில், ஒரு சின்ன நகரசபையில், வீடு ஒதுக்குகிற எழுதுவினைஞராக இருந்தார். அந்த வேலையின் கனம் என்னவென்று நாடாவில் அவரே சொல்கிறார். அந்தக் காலத்தில் அங்கே உள்ளூராட்சித் தேர்தலில் வீட்டுக்காரனுக்கும் அவன் மனைவிக்கும்தான் வோட்டு. மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டு ஓர் அறையில் இருப்பவனுக்கு வோட்டு இல்லை. ஆகவே புரட்டஸ்தாந்தர் கையில் இருந்த சபை ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீடு கொடுத்தால், சபைக்கு எதிராக இரண்டு வோட்டும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. விண்ணப்பத்தில் சமயம் எழுதுவதற்கு இடமில்லை. தேவையுமில்லை. படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் போதும்.

நாடாவின் இரண்டாம் பக்கத்தில் அந்த இடம் வருகிறது. மக்ரோரி என்ற கத்தோலிக்கக் குடும்பம் பட்டியலில் முதலாவதாக இருந்தது. தாய், தகப்பன், ஏழு பிள்ளைகள். குதிரை லாயத்துக்கு மேலே இரண்டு அறை. கடைசிப் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி. ஒரு வீடு வெறுமையானது. கிப் அந்தப் பெயரை எடுத்துப் பதினேழாவது இடத்தில் போட்டார். வீடு, கல்யாணமாகி மூன்று மாதமான ஒரு சோடிக்குப் போனது. அதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த வசனத்தைச் சொல்கிறார். அதே நேரத்தில் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைக்கிறார். கிளுக் என்று ஒரு சத்தம். அதற்கு அடியில் அந்தச் சொல்.

'ஐ வோஸ் ரோல்ட்' என்றால் 'எனக்குச் சொன்னார்கள்'. 'ஐ வோஸன்ற் ரோல்ட்' என்றால் 'எனக்கு ஒருவரும் சொல்லவில்லை'. நடுவில் இருக்கிற வித்தியாசம் மூக்கால் வருகிற ஒரு சின்ன ஒலி. கோப்பை அதன்மேல்தான் விழுந்திருந்தது.

அன்று காலை முழுவதும் என் குதிக்கால் அந்தப் பெடலிலேயே இருந்தது. வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். ஒரு காதை மூடிக்கொண்டு கேட்டேன். கோப்பைச் சத்தத்துக்குச் சற்று முன்னால் அந்த மூக்கொலி தொடங்குகிறது என்று எனக்குப் பட்டது. 'சொல்லவில்லை' என்று எழுதிச் சதுர அடைப்புப் போட்டு, மிஸ் டூலனிடம் கொண்டுபோனேன்.

"பேட்டி எடுத்தது நீங்கள். அவர் சொன்னபோது முன்னால் இருந்தீர்கள். உங்களுக்கு எப்படிக் கேட்டது?" என்றேன்.

அவர் ஹெட்போனைத் தொடவில்லை. "எனக்குக் கேட்டதைச் சொல்லமாட்டேன், மிஸ்டர் ஹனீபா. என் குடும்பமும் அப்படி ஒரு பட்டியலில் இருந்தது. அன்றைக்கு அந்த அறையில் எனக்கு எது கேட்கவேண்டுமென்று இருந்ததோ அதுதான் கேட்டிருக்கும். இந்தச் சொல்லில் என் காதை நம்பக்கூடாது. உங்களுக்கு இதில் பக்கம் ஒன்றும் இல்லை. நீங்கள்தான் கேட்கவேண்டும்."

ஐந்து வருடத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் விஷயம் அது.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சுலைஹாவிடம் சொன்னேன். அவள் கறியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்த மனுசனுக்கு ஆரும் சொல்லிச் செய்தாலென்ன, சொல்லாமச் செய்தாலென்ன? வீடு போனது போனதுதானே."

"இல்லை. அதில வித்தியாசம் இருக்கு."

கறிச்சட்டியை மூடிவைத்தாள். பிறகு, "ஓம், இருக்குத்தான்" என்றாள். "எங்கட தெருவுக்கு ஸ்பீக்கரோட வந்ததுகள் ஆரோ சொல்லி வந்ததுகள். ஆனா நாங்கள் பெட்டியோட வெளிக்கிடேக்குள்ள பக்கத்து வீட்டு மாஸ்டர் கதவைச் சாத்தினவர். அவருக்கு ஆர் சொன்னது? முன்வீட்டு அன்ரி ரோட்டில நிண்டு அழுதவ. அவவுக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. அந்தக் கதவு சாத்துகிற சத்தத்தை எட்டு வருடமாகக் காதில் வைத்துக்கொண்டு, அதே காதால்தான் கிப்பின் சொல்லையும் கேட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் மிஸ் டூலனிடம் போய் அப்படியே சொன்னேன். என்னையும் நம்பவேண்டாம் என்றேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் சோனகத் தெருக் கதையை அந்தக் கந்தோரில் சொன்னது அன்றைக்குத்தான். இடையில் ஒரு தரமும் குறுக்கிடவில்லை. கடைசியில் சொன்னார்:

"பக்கம் இல்லாத காது எங்கேயும் கிடைக்காது போலிருக்கிறது. நீங்கள் அடைப்புப் போட்டிருக்கிறீர்கள். இது நான் கேட்டது, வேறு விதமாகவும் இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அது நேர்மையானது. அப்படியே அவருக்கு அனுப்புவோம்."

மூன்றாம் காதாக வேறு துறையிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டாள். தன்னால் முடிவாகச் சொல்லமுடியாது என்று எழுதிக் கொடுத்தாள். பிரதி கிப்புக்குத் தபாலில் போனது.

மூன்று கிழமையில் திரும்பி வந்தது. எழுத்துப் பிழைகளை எல்லாம் ஒழுங்காகத் திருத்தியிருந்தார். கை நடுங்காத, வடிவான எழுத்து. அந்த இடத்தில் என்னுடைய சொல்லை வெட்டியிருந்தார். மேலே 'எனக்குச் சொன்னார்கள்' என்று எழுதியிருந்தார். அதோடு ஓரத்தில் இரண்டு சொல் சேர்த்திருந்தார்: 'தவிசாளர் சொன்னார்'.

நகரசபையின் தலைவரான அந்தத் தவிசாளர் இறந்து இருபது வருடம் என்று மிஸ் டூலன் விசாரித்து அறிந்தார். நாடாவில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வகுப்புக்கான வாசிப்புத் தொகுப்பு அச்சுக்குப் போக வேண்டிய நேரம். வீடமைப்பைப் பற்றிய பகுதி முழுவதும் கிப்பின் அந்தப் பக்கத்தை நம்பியிருந்தது. துறைத் தலைவர் கீழே இறங்கி வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல, அவசரக்காரர். "பேசியவரே திருத்தியிருக்கிறார். நாடாவும் தெளிவில்லை. அவர் சொன்னபடி போடுங்கள். அது அவருடைய உரிமை," என்றார்.

மிஸ் டூலன் எழுந்து நின்றார். அவர் குரல் உயர்ந்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"அவர் தன்னுடைய சொல்லைத் திருத்தலாம். இங்கே புதிதாக இன்னொருவர் வந்திருக்கிறார். அவர் செத்துவிட்டார், பிரதியை அனுப்பிக் கேட்கமுடியாது. இன்னொன்று. தவிசாளர் சொல்லித்தான் அவர் செய்தார் என்றால், இது ஒரு கெட்ட தவிசாளரின் கதை. அந்த ஆள் போனதும் கதை முடிந்தது. ஒருவரும் சொல்லாமல் செய்தார் என்றால், பிறகு ஏன் வீடு கொடுக்கிற அதிகாரத்தையே நகரசபைகளிடமிருந்து பறித்து, தேவையைப் பார்த்துப் புள்ளி போடுகிற முறை வைத்து, ஒரே மத்திய சபையிடம் கொடுக்கவேண்டி வந்தது என்பது விளங்கும். நல்ல தவிசாளரைப் போட்டு அதைத் தீர்த்திருக்க முடியாது. என் மாணவர் இரண்டில் எதைப் படிக்கப் போகிறார்கள் என்று தெரியாமல் நான் அச்சுக்குக் கொடுக்கமாட்டேன்."

"உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

"எனக்கு எது வேண்டும் என்பதால்தான் நான் தீர்க்கக்கூடாது. அவர் வந்து தன் குரலைத் தானே கேட்கட்டும்."

அச்சு பத்து நாள் பிந்தியது. மிஸ் டூலன் கிப்புக்குக் கடிதம் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. உங்கள் குரலை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள், ஒரு தரம் வந்து கேட்டு உதவவேண்டும் என்று மட்டும் இருந்தது.

ஏப்ரலில், அந்தச் சமாதானப் பேச்சு பெரிய வெள்ளி உடன்படிக்கையாகக் கைச்சாத்தாகிய அடுத்த கிழமை, கிப் வந்தார். ஒழுங்காகத் தேய்த்த கோட்டு, கையில் தொப்பி. மிஸ் டூலன் அவரை என்னுடைய மேசைக்கு அழைத்து வந்து உட்காரவைத்தார். "நான் அடுத்த அறையில் இருக்கிறேன். மிஸ்டர் ஹனீபா நாடாவைப் போடுவார்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கதவைத் திறந்தபடி விட்டார். ஆனால் அங்கேயிருந்து நாடாவின் சத்தம் கேட்காது. ஹெட்போன் கிப்பின் காதில்.

முதல் தரம் கேட்டார். "பார்த்தீர்களா? வோஸ்," என்றார்.

சரி பிழை சொல்வது என் வேலையில்லை. பின்னுக்கு விட்டேன். இரண்டாம் தரம் கேட்டு, "சத்தம் மறைக்கிறது," என்றார். மூன்றாம் தரம் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். நாலாம் தரம், தான் மிதித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பெடலை அவர் காலுக்குத் தள்ளினேன். சப்பாத்து நுனியால் மெதுவாக மிதித்தார், குதிக்காலால் பின்னுக்கு விட்டார். என்னைப் போலவே. எத்தனை தரமென்று நான் எண்ணவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அந்த வசனத்தோடு சேர்ந்து அசைந்தது.

இடையில் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டார்: "நீங்கள் இதற்கு முதல் என்ன வேலை செய்தீர்கள்?"

"அரசாங்கக் கந்தோரில் எழுதுகிற வேலை. இலங்கையில்."

"பட்டியல் எழுதியிருக்கிறீர்களா?"

"எழுதியிருக்கிறேன். அரிசி, சீனி கொடுக்கிற கூப்பன் பட்டியல். ஒருதரம் என் மச்சானின் பெயரை மேலே போட்டேன்."

"யாராவது சொன்னார்களா?"

பேசியவரோடு நாங்கள் எங்கள் கதை பேசக்கூடாது என்பது முறை. ஆனால் அவர் நேரே என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அவர் தலையாட்டினார். ஹெட்போனைத் திரும்பப் போட்டு இன்னொரு தரம் கேட்டார். பிறகு கழற்றி, வயரைச் சுருட்டி, மேசையில் வைத்தார்.

"தவிசாளர் எனக்கு நல்லவராக இருந்தவர். என் தகப்பன் செத்தபோது பெட்டி தூக்கியவர். அந்தப் பட்டியலைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. திறக்கத் தேவையிருக்கவில்லை. என்ன செய்யவேண்டுமென்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்."

என்னிடம் பேனா கேட்டார். தான் எழுதிய திருத்தத்தைக் கோடு போட்டு வெட்டினார். ஓரத்தில் இருந்த தவிசாளரின் பேச்சையும் வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் தன் முதலெழுத்துகளையும் திகதியையும் போட்டார். நகரசபையில் பழகிய கை. பிறகு என்னுடைய சதுர அடைப்பில் விரலை வைத்தார்.

"இது ஏன்?"

"எனக்கு நிச்சயமில்லை என்பதற்கு."

"எனக்கு நிச்சயம். எடுத்துவிடுங்கள்."

மிஸ் டூலன் வந்து தாளை வாசித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இதைச் சாகும்வரை பூட்டிவைக்கலாம், மிஸ்டர் கிப். அது உங்கள் உரிமை. வகுப்புக்கு வேறொன்றை நான் தேடிக்கொள்வேன்," என்றார். அச்சு ஏற்கெனவே பத்து நாள் பிந்தியிருந்தது, துறைத் தலைவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார், வேறொன்று அவரிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அதைச் சொன்னார்.

கிப் படிவத்தை வாங்கி, 'உடனே பயன்படுத்தலாம்' என்ற கட்டத்தில் அடையாளமிட்டார்.

தர்ஷினி, நீங்கள் கேட்டதற்கு விடை இதுதான். அந்த நாடாவை இப்போது யார் கேட்டாலும், எந்த மெஷின் கேட்டாலும், கோப்பைச் சத்தம்தான் கேட்கும். சொல்லைத் தாளில் உறுதி செய்தது அதைச் சொன்ன மனிதர். வெட்டுகளும் முதலெழுத்துகளும் போட்ட அந்தத் தாள் மூலக் கோப்பில் இருக்கவேண்டும். தேடிப் பாருங்கள்.

கேட்டதற்கு விடை முடிந்தது. ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை.

வகுப்பு மே மாதம், அயர்லாந்து முழுவதும் உடன்படிக்கைக்கு வோட்டுப் போடுவதற்கு முந்திய கிழமையில் நடந்தது. பதினெட்டு மாணவர்கள். கிப்பையும் மிஸ் டூலன் அழைத்திருந்தார், ஆனால் வருவாரென்று எதிர்பார்க்கவில்லை. அவர் வந்து, என் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மிஸ் டூலன் அவரைக் கண்டார். ஒருவருக்கும் அறிமுகப்படுத்தவில்லை. வந்த மனிதர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்வதும் சொல்லாமல் விடுவதும் அவர் பாடு என்று விட்டுவிட்டார்.

கரும்பலகையில் வீடமைப்புச் சட்டம் இருந்தது. நான் நாடாவைப் போட்டேன். கிப்பின் குரல் அறைக்குள் வந்தது. அவர் மடியில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடா நின்றதும் மிஸ் டூலன் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றார். மாணவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். சிறுபான்மை பெருகிவிடும் என்ற பயம், எல்லை கீறியவர்களின் பயம், வோட்டு எண்ணிக்கை என்று பேசினார்கள். முன்வரிசையில் ஒரு மாணவி மட்டும் கையை உயர்த்தி வேறொன்று கேட்டாள்.

"அந்த மக்ரோரி குடும்பத்துக்குப் பிறகு என்ன நடந்தது?"

"எனக்குத் தெரியாது," என்றார் மிஸ் டூலன். பின்வரிசையை அவர் பார்க்கவில்லை.

பக்கத்தில் கதிரை அசைந்தது. கிப் எழுந்து நின்றார்.

"எனக்கும் தெரியாது. நான்தான் அந்த எழுதுவினைஞர்."

பதினெட்டுத் தலைகள் திரும்பின.

"அடுத்த வருடம் அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். கனடாவுக்கு என்று யாரோ சொன்னார்கள். பிறகு நானும் இங்கே வந்துவிட்டேன். ஒவ்வொரு வருடமும் புது ரெலிபோன் புத்தகம் வாசலுக்கு வரும். முதலில் நான் அந்தப் பெயர் இருக்கிற பக்கத்தைத்தான் எடுப்பேன். அதிகம் பேர் இல்லை, கொஞ்சப் பேர்தான். ஒருவரையும் கூப்பிட்டதில்லை."

"கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று அதே மாணவி கேட்டாள். அவள் குத்திக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டாள்.

கிப் யோசித்தார். "வீடு கிடைத்ததா என்று கேட்பேன். கடைசிப் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி இருந்தது. அது சுகமானதா என்று கேட்பேன்."

உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் கைதட்டவில்லை, ஒருவரும் கோபித்துப் பேசவுமில்லை. மிஸ் டூலன், "நன்றி, மிஸ்டர் கிப்," என்று மட்டும் சொல்லி, புள்ளி முறை எப்படி வேலை செய்தது என்பதை விளக்கத் தொடங்கினார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆனால் சோக்கட்டி கையில் இரண்டாக முறிந்திருந்தது.

மாணவர்கள் போனபிறகு நான் ஒலிப்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கிப் முன்னால் வந்து மிஸ் டூலனின் மேசையருகே நின்றார்.

"உங்கள் பேச்சில் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கத்து ஓசை இருக்கிறது, பெயரும் கத்தோலிக்கப் பெயர். முதல் நாளே கேட்க நினைத்தேன், துணிவு வரவில்லை. உங்கள் வீட்டாருக்கு எப்போது வீடு கிடைத்தது?"

"கிடைக்கவில்லை," என்றார் மிஸ் டூலன். "எனக்குப் பதினாலு வயதில் கப்பலேறினோம்."

"எந்த ஊர்?"

சொன்னார்.

கிப் உடனே சொன்னார்: "அது என்னுடைய கந்தோர் இல்லை."

"இல்லை. உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன். உங்களுடையதாக இருந்திருந்தால் பேட்டிக்கு வேறொருவரை அனுப்பியிருப்பேன்."

பிறகு மிஸ் டூலன் தன் கோட்டை எடுத்தார். கீழ்த்தட்டுச் சிற்றுண்டிச்சாலையில் தேநீர் குடிக்கலாமா என்று அவரிடம் கேட்டார். என்னைப் பார்த்து, "நீங்களும் வாருங்கள், மிஸ்டர் ஹனீபா. பெட்டி இங்கேயே இருக்கட்டும்," என்றார்.

மூவரும் லிப்டில் இறங்கிப் போனோம். மூலையில் ஒரு மேசையில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். மிஸ் டூலன் பேசினார், கிப் பேசினார், நானும் பேசினேன். அதற்குப் பதிவு இல்லை. யாரும் கையெழுத்து வைத்து அனுமதி தரவுமில்லை. ஆகவே அங்கே என்ன பேசினோம் என்பதை நான் எழுதமாட்டேன்.